சாப்பாட்டு மேசையில் ஃபோர்னோவோ போர்

இத்தாலியில் நடந்த ஃபோர்னோவோ போரைச் சாப்பாட்டு மேசையில் விளையாட்டாக ஆடிப் பார்த்தேன். முதல் இரண்டு ஆட்டத்திலும் வெனிஸ்-மிலான் கூட்டணிதான் ஜெயித்தது. தலைக்கணக்கை மட்டும் வைத்து ஆடினால் அப்படித்தான் ஆகும். 1495 ஜூலை 6 அன்று, நேப்பிள்ஸிலிருந்து ஊர் திரும்பிய பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸிடம் சுமார் 10,000 பேர். வெனிஸும் மிலானும் திரட்டி நிறுத்திய படை ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு. இருந்தும் சார்லஸ் தப்பிவிட்டார். அந்தக் கூத்து ஆட்ட விதியிலேயே இருக்க வேண்டும்.

மேசையில் நீளவாக்கில் ஒரு நீலத் துண்டை விரியுங்கள். அதுதான் தாரோ ஆறு. கூட்டணிக்கு வலக்கரை, பிரெஞ்சுக்காரர்கள் இடக்கரையோரமாக வடக்கு விளிம்புக்குப் போக வேண்டும். படைவீரர்களுக்குப் பதில் புளியங்கொட்டை, 500 பேருக்கு ஒன்று. பிரெஞ்சு முன்படையில் 3,000 சுவிஸ் காலாட்கள், ஆகவே அங்கே மட்டும் ஆறு கொட்டை. கூட்டணித் தளபதி பிரான்செஸ்கோ கொன்சாகா நேரே போய் மோதியது பின்படையில்.

முந்தைய இரவு மழை பெய்து ஆறு பெருகியிருந்தது. கடக்கிற ஒவ்வொரு படைக்கும் பகடை உருட்டுங்கள். 1, 2 விழுந்தால் ஒரு சுற்று தண்ணீரிலேயே நிற்கட்டும். வெடிமருந்து நனைந்துபோனதால் பீரங்கிக்குப் பாதி பலம் போதும்.

அப்புறம் சேமப்படை. அதை வரச்சொல்லும் உரிமை கொன்சாகாவின் சித்தப்பா ரொடோல்ஃபோவிடம் இருந்தது. அவர் சண்டையில் செத்தார், படை நின்ற இடத்திலேயே நின்றது. ரொடோல்ஃபோவுக்கு ஒரு சட்டைப் பொத்தானை வையுங்கள். அது வெட்டுப்பட்டால் ஒதுக்கி வைத்த பத்துக் கொட்டையும் அசையக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த விதி கொள்ளை. வெனிஸ் கூலிக்கு அமர்த்திய ஸ்ட்ராடியோட்டி குதிரைக்காரர்கள் சண்டையை விட்டுவிட்டு மன்னரின் பொதிமூட்டைகளில் பாய்ந்தார்கள். மூட்டைக்கு நான் கடலைமிட்டாய் வைப்பேன். தொட்ட படை ஆட்டத்துக்கு வெளியே, மிட்டாய் ஆடுபவர் வாய்க்குள்ளே. என் அக்கா மகன் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

ஆறு சுற்றோடு முடித்துவிடுங்கள். சார்லஸ் கூடவே இருந்த வரலாற்றாசிரியர் கொமின், கைகலப்பு கால் மணி நேரம்தான் என்று எழுதியிருக்கிறார்.

பாதிக்கு மேல் கொட்டைகள் விளிம்பைத் தாண்டினால் பிரெஞ்சுக்கு வெற்றி. மிட்டாய் தின்றவர் ஒப்புக்கொள்ள மாட்டார். சரி, விடுங்கள், கொன்சாகாவும் தானே ஜெயித்ததாகச் சொல்லி, ஓவியர் மாந்தென்யாவை வைத்து ‘வெற்றி மாதா’ ஓவியம் வரைய வைத்தார். அது இப்போது பாரிஸில், லூவரில் இருக்கிறது.