எஸ்டர்டே வந்தால் ஹேவ் வராது
மெயிலில் 'ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே' என்று எழுதுவேன், ஒவ்வொரு முறையும் அடியில் கோடு விழும், ஏன் என்றே புரியாது. பன்னிரண்டு டென்ஸையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தேன், நாலு நாள் போனதுதான் மிச்சம். அப்புறம்தான் கண்ணில் பட்டது: தமிழில் 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்பது சரியான வாக்கியம், அந்த 'இருக்கிறேன்'தான் ஆங்கிலத்தில் ஹேவ் ஆகி உட்கார்ந்திருக்கிறது. அப்பாடா என்று இருந்தது.

இப்போது வினைச்சொல்லைத் தொடுவதற்கு முன் காலச்சொல்லைத் தேடுகிறேன். எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 என்று முடிந்துபோன நேரம் இருந்தால் வெறும் சென்ட். எப்போது என்று சொல்லாமல், அனுப்பியாகிவிட்டது என்பது மட்டும் போதுமென்றால் ஹேவ் சென்ட். பலர் கவனிக்காதது 'திஸ் மார்னிங்': காலை பத்து மணிக்கு எழுதினால் ஹேவ் வரலாம், மாலையில் எழுதினால் அந்தக் காலை முடிந்துவிட்டது, வராது.