அமிலம், புரதம், பாக்டீரியா: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமிலம் பட்டால் புரதம் கெடும், புரதம் கெட்டால் பாக்டீரியா சாகும். நுண்ணுயிரியல் படிக்கிற நிறையப் பேர் மனதில் இந்த ஒரு வரிதான் பதிந்திருக்கிறது. பிஎச் 2.5 உள்ள கடும் அமிலத் திரவத்தில் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா எப்படி மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது என்று யாராவது திருப்பிக் கேட்டால் இந்த வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில், அமிலம் புரதத்தை அறுக்கிறது என்று எழுதாதீர்கள். இரைப்பையில் அறுக்கிற வேலை பெப்சின் என்ற நொதியுடையது. அமிலம் செய்வது மின்னூட்டத்தை மாற்றுவது. பிஎச் 4 பக்கம் இறங்கும்போது அஸ்பார்டேட், குளூட்டமேட் ஆகிய அமினோ அமிலங்கள் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு எதிர்மின்னூட்டத்தை இழக்கின்றன, ஆனால் லைசினும் அர்ஜினினும் நேர்மின்னூட்டத்தோடு அப்படியே இருக்கின்றன, அதனால் புரதத்தை இறுக்கிப் பிடித்திருந்த எதிரெதிர் ஈர்ப்புகள் போய், நேர்மின் பகுதிகள் ஒன்றையொன்று தள்ள, மடிப்பு விரிகிறது. சங்கிலி முழுசாகத்தான் இருக்கிறது.

இதற்கு உதாரணமாகப் பாலில் எலுமிச்சை பிழிந்து திரிவதைச் சொல்வார்கள். அது பொருத்தமில்லாத உதாரணம். பால் திரிவதில் முக்கியப் பங்கு கேசீன் என்ற பால் புரதத்துக்கு, அதற்கு விரிவதற்கு இறுக்கமான மடிப்பே பெரிதாகக் கிடையாது. பிஎச் 4.6 வாக்கில் அதன் நிகர மின்னூட்டம் பூஜ்யமாகிவிடுவதால் ஒன்றையொன்று விலக்காமல் சேர்ந்து கட்டியாகிறது. மடிப்பு விரிவது வேறு, கட்டியாவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் பின்னால் வருவது எதுவும் புரியாது. அப்புறம், பிஎச் 5-க்கும் 3-க்கும் வித்தியாசம் 2 இல்லை, ஹைட்ரஜன் அயனிகளின் செறிவில் 100 மடங்கு. இதை எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுகிறோம்.

அடுத்த தவறு, வெளியே உள்ள பிஎச்தான் செல் முழுக்க என்று நினைப்பது. ஈ. கோலைக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில் போரின் எனும் துளைகள் இருப்பதால் சின்ன மூலக்கூறுகளும் அயனிகளும் தாராளமாக உள்ளே வரும், ஆகவே இரண்டு சவ்வுக்கும் இடைப்பட்ட பெரிப்பிளாசம் சட்டென்று வெளி பிஎச்சுக்கே இறங்கிவிடும். உள்சவ்வுக்குள் இருக்கும் சைட்டோபிளாசம் அப்படியில்லை, வெளியே 2.5 இருக்கும்போதும் அது 4-க்கு மேலே நிறுத்திக்கொள்ளப் போராடுகிறது. எந்தப் புரதம், எந்த அறையில் என்று சொல்லாமல் 'அமிலத்தில் புரதம் விரியும்' என்றால் பாதி பதில்தான்.

விரிந்தால் வீண் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பெரிப்பிளாசத்தில் எச்டிஇஏ என்று ஒரு சின்னப் புரதம் இருக்கிறது. நடுநிலை பிஎச்சில் அது ஒழுங்காக மடிந்து இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். பிஎச் 3-க்குக் கீழே போனதும் ஜோடி பிரிந்து, பாதி விரிந்து, அப்போதுதான் வேலைக்கே வருகிறது: உள்ளே மறைந்திருந்த நீர்வெறுக்கும் பகுதிகள் வெளிப்பட, மற்ற விரிந்த புரதங்களைப் பிடித்துக்கொண்டு அவை கட்டியாகாமல் காக்கிறது. வெப்ப அதிர்ச்சிப் பாடத்தில் படித்த, புரதம் மடிய உதவும் குரோஈஎல் போல இதற்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும் என்று இங்கேயும் எழுதிவிடாதீர்கள், பெரிப்பிளாசத்தில் ஏடிபி கிடையாது.

சரி, அமிலம் போனால் ஆபத்தும் போயிற்றா? அதுவும் தப்பு. கடும் அமிலத்தில் எல்லாப் புரதங்களும் நேர்மின்னோடு இருப்பதால் ஓரளவு விலகியே நிற்கும், பிஎச் ஏறும்போதுதான் அந்த விலக்கம் குறைந்து விரிந்தவை ஒன்றோடொன்று ஒட்டும். இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் நுழைகிற அந்த நேரத்தில் எச்டிஇஏ பிடித்திருப்பதை மொத்தமாகக் கொட்டிவிடாமல் மெல்ல மெல்ல விடுகிறது, அதனால் ஒவ்வொன்றும் தனியாக மடிய வாய்ப்புக் கிடைக்கிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான்.

சைட்டோபிளாசத்தில் கதை வேறு. அங்கே குளூட்டமேட் டிகார்பாக்ஸிலேஸ் என்ற நொதி, ஒரு குளூட்டமேட்டை காபா என்ற வேறொரு மூலக்கூறாக மாற்றும்போது ஒரு புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, செலவழிக்கிறது. காட்-சி (GadC) என்ற சவ்வுப் புரதம் காபாவை வெளியே தள்ளிவிட்டு அடுத்த குளூட்டமேட்டை உள்ளே எடுக்கிறது. நடுநிலையில் இந்த நொதியின் வால்பகுதி செயல்மையத்தை அடைத்திருக்கும், உள் பிஎச் இறங்கினால்தான் அடைப்பு விலகும்.

ஒரே பிஎச் என்றால் ஒரே விளைவு என்று நினைப்பவர்கள் வினிகரை மறந்துவிடுகிறார்கள். பிஎச் 4-ல் அசிட்டிக் அமிலத்தின் பெரும்பகுதி பிரியாமல், மின்னூட்டமின்றி இருப்பதால் சவ்வைச் சுலபமாகக் கடக்கும், உள்ளே போனபின் பிரிந்து புரோட்டானை அங்கேயே கொட்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இப்படி எளிதாக நுழைய முடியாது. எனவே ஆய்வு முடிவை எழுதும்போது எண்ணோடு அமிலத்தின் பெயரும் வேண்டும். செல்கள் வளரும் கட்டமா, வளர்ச்சி நின்ற கட்டமா என்பதும் வேண்டும், ஏனென்றால் வளர்ச்சி நின்ற செல்களில் ஆர்பிஓஎஸ் என்ற காரணி ஏற்கனவே பல பாதுகாப்பு மரபணுக்களை இயக்கிவிட்டிருக்கும். பாக்டீரியா இருந்த வளர்ப்பு ஊடகத்தில் குளூட்டமேட் இருந்ததா என்று எழுதாமல் 'ஈ. கோலை செத்துவிட்டது' என்றால் அது எதையும் காட்டாது.

கடைசியாக ஹெலிகோபாக்டர் பைலோரி. 1984-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் குடித்துப் பார்த்து, 2005-ல் ராபின் வாரனோடு நோபல் பரிசு பெறக் காரணமான அதே கிருமி. இரைப்பையில் வாழ்வதால் இது அமிலத்தை விரும்பும் கிருமி என்று எழுதுகிறார்கள். இல்லை, இது நடுநிலையில் வளரும் கிருமி, யூரியா இல்லாமல் கடும் அமிலத்தில் விட்டால் செத்துவிடும். யூரியேஸ் நொதி யூரியாவை அமோனியாவாக்கி அமிலத்தைச் சமாளிக்கிறது. யூரியா உள்ளே வரும் யூரீஐ வாயிலோ வெளியே அமிலம் ஏறினால்தான் திறக்கும், ஹிஸ்டிடின்கள் புரோட்டான் பிடித்து அதன் வடிவம் மாறுவதால். சோதனைக்குழாயில் அமிலமே இல்லாமல் யூரியாவை மட்டும் நிறையக் கொடுத்தால் அமோனியா சேர்ந்து ஊடகத்தின் பிஎச் மிகவும் ஏறி, கிருமி அதிலேயே சாகும்.