பாகம் போகும் முன்பே டிராயிங் போய்விடுகிறது: ராணுவ உதிரிபாக ஏற்றுமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என 5 முனையங்களோடு தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-ல் தொடங்கியது. பம்ப், கியர், வால்வு செய்துகொண்டிருந்த பட்டறைகளும் இன்று வெளிநாட்டு ராணுவ ஆர்டர்களுக்கு விலைப்புள்ளி கொடுக்கின்றன. அனுமதி இல்லாமல் ஆயுதம் அனுப்பக் கூடாது என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் வேறு.

எச்.எஸ். குறியீட்டை வைத்து முடிவெடுப்பது

எச்.எஸ். குறியீடு சரக்கை வகைப்படுத்தும் எண்; அது சுங்கத்துக்கு. அனுமதி வேண்டுமா என்பதைச் சொல்வது ஸ்கோமெட், அதாவது ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள பொருள்கள், தொழில்நுட்பங்களின் இந்தியப் பட்டியல். அதில் 6-ம் பிரிவு ராணுவத் தளவாடங்கள். அனுமதி தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. ராணுவத்துக்கும் சிவில் வேலைக்கும் பொதுவான பொருள்கள் 8-ம் பிரிவில் வரும். அதற்கு டிஜிஎஃப்டியிடம் (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) போக வேண்டும்.

ஃபவுண்டரிக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது 6-ம் பிரிவில் வார்ப்பு, முடிவுறாத பாகங்களுக்கான 6ஏ016 பதிவில். ஷிப்பிங் பில்லில் எச்.எஸ். குறியீடு 7325 என்று போட்டால் அது வெறும் இரும்பு வார்ப்புதான். அதே வார்ப்பு கவச வாகனத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது என்றால் கதை வேறு. "நாங்கள் மெஷினிங் செய்வதில்லை, ரஃப் காஸ்டிங்தான் அனுப்புகிறோம்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. உலோகக் கலவை, வடிவம், செயல்பாடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை வைத்து இன்னதற்கான பாகம் என்று கண்டுபிடிக்க முடிந்தால், முடிவுறாத பாகமும் கட்டுப்பாட்டுக்குள் வரும். எதிர்ப்பக்கமும் உண்டு: பயணிகள் விமானத்துக்கான பிராக்கெட் விமான உதிரிபாகம் என்பதாலேயே 6-ம் பிரிவில் சேர்ந்துவிடாது.

எந்தத் தளவாடத்துக்காக வடிவமைத்தது, உங்கள் நாட்டுப் பட்டியலில் இதன் எண் என்ன? இரண்டையும் விலைப்புள்ளி கொடுக்கும் முன்பே வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கஸ்டம்ஸ் ஏஜென்ட் கேட்கும்வரை காத்திருந்தால் சரக்கு பேக் ஆகி நிற்கும், கெடு தேதி ஓடிக்கொண்டிருக்கும்.

விலை கேட்பதற்காக டிராயிங்கை அனுப்புவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது, ஏனென்றால் தடுப்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

நடப்பது இப்படித்தான். அமெரிக்க வாடிக்கையாளர் ராணுவ ஹெலிகாப்டர் பாகம் ஒன்றின் ஸ்டெப் ஃபைலை (3டி வடிவ ஃபைல்) அனுப்புகிறார். உள்ளே ஒரு ஸ்பிளைன் (பல் பல்லாக வெட்டிய பள்ளங்கள்). அதை வெட்ட பிரோச் என்ற ஸ்பெஷல் வெட்டுக்கருவி வேண்டும். பர்ச்சேஸில் புதிதாகச் சேர்ந்தவர் அந்த ஃபைலை அப்படியே சீனாவில் உள்ள டூல் கம்பெனிக்கு மெயில் போட்டு விலை கேட்கிறார். ஆர்டர் போடவில்லை. ஒரு பாகம்கூடத் துறைமுகத்துக்குப் போகவில்லை. ஆனால் ஏற்றுமதி நடந்துவிட்டது.

இந்தியாவின் 1992-ம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, தொழில்நுட்பத்தை வெளிநாட்டுக்குக் கொடுப்பதும் ஏற்றுமதிதான். ராணுவத் தொழில்நுட்பத்துக்கு 6ஏ022 என்ற தனிப் பதிவே இருக்கிறது. அமெரிக்காவின் ராணுவ ஏற்றுமதி விதிகளான ஐடாரிலோ சீனா தடை செய்யப்பட்ட நாடுகளின் வரிசையில் இருக்கிறது. அங்கே தரவு போனது தெரிந்தால் அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். வாடிக்கையாளர் நினைத்தாலும் மூடி மறைக்க வழியில்லை. அவர் முதலில் செய்யக்கூடியது உங்கள் ஆர்டரை நிறுத்துவதுதான்.

வெளிநாட்டுக்குப் போகாமல் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் கவனம் வேண்டும். டிராயிங்படி செய்து அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பும் ஆர்டர்களில் ஐடார் வழக்கமாகக் கேட்பது இவை: தரவை அந்த ஆர்டருக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், அதே நாட்டுத் துணை ஒப்பந்ததாரர் தவிர யாருக்கும் காட்டக் கூடாது, அவரோடு போடும் ஒப்பந்தத்திலும் இதே நிபந்தனைகள் இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் அல்லது திருப்பித் தர வேண்டும். வேறு வகை ஒப்பந்தங்களில் துணை ஒப்பந்ததாரரின் பெயரையே முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகம் இருக்கும் டைட்டில் பிளாக்கை (டிராயிங்கின் விவரக் கட்டம்) வெட்டிவிட்டு மீதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிளேட்டிங் கடைக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்கள். வாசகத்தை வெட்டினால் கட்டுப்பாடு போகாது. அதே கட்டத்தில் இருக்கும் ரிவிஷன் எண்தான் போகும். பழைய ரிவிஷனுக்கு பிளேட்டிங் ஆகி லாட் முழுக்க ரிஜெக்ட் ஆவது கூடுதல் நஷ்டம்.

செய்ய வேண்டியது: டிராயிங்குக்கு ஒரு ரிஜிஸ்டர் போடுங்கள். டிராயிங் எண், ரிவிஷன், எந்த அனுமதியின் கீழ் வந்தது, யாருக்கு எந்தத் தேதியில் கொடுத்தது, எப்போது திரும்பியது அல்லது அழித்தது; இந்தக் கலங்கள் போதும். ஃபைல் இருக்கும் ஃபோல்டரை இரண்டு மூன்று பேருக்கு மேல் திறந்துவிடாதீர்கள். பர்ச்சேஸ் ஆள்கள் அதில் இருக்கத் தேவையே இல்லை. டூல் கம்பெனிக்கு டிராயிங் வேண்டாம். பொதுத் தரப்படியான ஸ்பிளைன் என்றால் தர எண், அளவு, உலோகத்தின் கடினத்தன்மை என்று நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் விலை வந்துவிடும். அந்தப் பக்கத்தையும் அனுப்பும் முன் பொறுப்பான ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சிஎன்சி புரோகிராம், ஃபிக்ஸ்சர் டிராயிங், முதல் பாகச் சோதனைக்காக ஒவ்வொரு அளவுக்கும் பலூன் எண் போட்ட டிராயிங் இவையும் தரவுதான். சர்வரில் அழித்துவிட்டு மெஷின் கன்ட்ரோலரிலும் பென் டிரைவிலும் விட்டுவைத்தால் அழித்ததாகக் கணக்கில்லை.

இடைத்தரகரிடம் இறுதிப் பயனர் சான்று வாங்குவது

வாங்குபவர், சரக்கைப் பெறுபவர், கடைசியில் பயன்படுத்துபவர் மூவரும் ஒருவராகவே இருப்பது அபூர்வம். டிரேடிங் கம்பெனி தன் லெட்டர்ஹெட்டில் "இறுதிப் பயனர் நாங்களே" என்று சான்று எழுதிக் கொடுப்பதை நம்பி அனுமதிக்கு விண்ணப்பித்தால் கேள்வி மேல் கேள்வி வரும், மாதங்கள் ஓடும். சங்கிலியில் உள்ள ஒவ்வொருவரையும் விண்ணப்பத்தில் காட்டுங்கள். சான்றில் உள்ள பாகத்தின் பெயர், எண்ணிக்கை, பர்ச்சேஸ் ஆர்டர் எண் மூன்றும் ஆர்டரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

இலவச சாம்பிள்

பணம் வாங்காவிட்டாலும் ஏற்றுமதிதான்.

கண்காட்சிக்குக் கொண்டுபோவது

திரும்பக் கொண்டுவருவதாக இருந்தாலும் அனுமதி வேண்டும். லேப்டாப்பில் இருக்கும் ஃபைல்களுக்கும் சேர்த்து.

ரிஜெக்ட் ஆகித் திரும்பிய பாகம்

பழைய அனுமதியின் எண்ணிக்கை முதல் தடவையிலேயே தீர்ந்திருக்கும். சரிசெய்து மறுபடி அனுப்பும் முன் அதற்கு எந்த வழி பொருந்தும் என்று அனுமதி தந்த அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். ரிஜெக்ஷன் நோட்டு, இறக்குமதி பில், முதல் ஷிப்பிங் பில் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஸ்கோமெட் ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்; இந்தக் கோப்பும் அதில் சேரும்.