கிளியூர் அருவியைப் படம்பிடிக்கும் முறை: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பனி உருகிப் பெருகும் ஆறுகள் சேர்வராயன் மலையில் இல்லை. இங்கு எல்லாம் மழையின் கணக்குத்தான். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர், சுமார் 300 அடி உயரத்திலிருந்து கிளியூர் அருவியாக விழுகிறது. எனவே செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மாதங்களே ஏற்றவை; அப்போதும் கனமழை பெய்த அன்றே போகாமல், கலங்கல் தெளியும்வரை ஓரிரு நாள் பொறுத்துச் செல்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் பாறையில் திட்டுத்திட்டாக வெளிச்சம் விழும் என்பதால், காலை நேரமோ மேகமூட்டமோதான் நல்லது.

முதலில், பாசி படியாத பாறையில் முக்காலியை ஊன்றி, லென்ஸின் அதிர்வுக் குறைப்பு வசதியை அணைத்துவிடுங்கள். அடுத்து, அப்பர்ச்சர் முன்னுரிமை முறையில் (அப்பர்ச்சர் எனும் லென்ஸ் துவார அளவை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் முறை) ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 100 எனவும், துவார அளவை எஃப்/11 எனவும் வையுங்கள். போலரைசர் ஃபில்டர் இருந்தால் அதை மெல்லத் திருப்பிக்கொண்டே பாருங்கள். ஈர இலைகளின் மீதுள்ள பளபளப்பு அடங்கி, பச்சை நிறம் துலங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அது ஒளியையும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவதால், நமக்கு வேண்டிய மெதுவான ஷட்டர் வேகம் தானாகவே கிடைக்கும். நீர் குறைவாக இருந்தால் அரை நொடியும், பெருக்கெடுத்தால் 1/15 நொடியும் போதும். பல நொடி திறந்துவைத்து அருவியைப் பஞ்சுப்பொதியாக்கும் படங்கள் எனக்கு ஏனோ பிடிப்பதில்லை; நீரின் வேகமே அதில் காணாமற்போய்விடுகிறது.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வெளிச்ச அளவில்தான். இம்மலையின் சார்னோகைட் பாறை இயல்பிலேயே கருமையானது. நனைந்தால் இன்னும் கறுக்கும். சட்டகத்தில் பாறையே மிகுந்திருக்கும்போது, காட்சி இருண்டிருப்பதாகக் கணித்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்ட, வெண்ணுரை விவரமேயில்லாத வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. ஆகவே கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை -0.7 அல்லது -1 என வைத்து, படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கருமையில் மறைந்த பாறையின் விவரத்தைப் பிறகு ரா (RAW) கோப்பிலிருந்து, அதாவது கேமரா பதிந்த தரவைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பிலிருந்து, ஓரளவு மீட்கலாம்; வெளுத்துப்போன நுரையை மீட்க முடியாது.

விரல் பட்டு அசையாதிருக்க 2 நொடி டைமரைப் பயன்படுத்துங்கள். சாரல் படியும் லென்ஸை ஒவ்வொரு படத்துக்கும் முன்பாக மென்துணியால் ஒற்றி எடுங்கள். கைபேசியானால், அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய ப்ரோ முறையில் ஐஎஸ்ஓவையும் ஷட்டரையும் இவ்வாறே அமைக்கலாம். பெரும்பாலான கைபேசிகளில் அப்பர்ச்சர் மாறாது என்பதால், வெளிச்சம் மங்கிய பிறகே முயலுங்கள்.

நீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே மழை வலுத்துவிட்டது என்று பொருள். எடுத்த வரை போதுமென்று உடனே கரையேறிவிடுங்கள்.