பின்வளவில் சௌனா: பெட்டி வர முன்னம் செய்ய வேண்டிய வேலை

சௌனா என்பது சூடேற்றி உள்ளே இருந்து வியர்க்கும் மர அறை. அதை நாங்களே பூட்டும்படி பாகங்களாக விற்கும் கிட் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் மரத்தைத்தான் பார்ப்பார்கள். சிடாரா, ஹெம்லொக்கா, எத்தனை பேர் இருக்கலாம், முன்பக்கம் கண்ணாடியா என்று. நான் சொல்வது, முதலில் பேஸ்மென்றுக்கு இறங்கிப் போய் மின்சாரப் பனலைத் திறந்து பாருங்கள். மரத்தைப் பிறகு தெரிவு செய்யலாம்.

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் 100 அம்பியர் பனல்தான் இருக்கிறது. 6 கிலோவாற் சௌனா ஹீற்றர் ஒன்று 240 வோல்ற்றில் 25 அம்பியர் இழுக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் எரியும் சாமான் என்பதால் எங்கள் வீட்டில் அதற்கென்று தனியாக 40 அம்பியர் பிரேக்கர் போட்டார்கள். ஏற்கெனவே மின்சார அடுப்பு, உடுப்புக் காயவைக்கும் மெஷின், ஏசி, அதோடு மின்சாரக் காருக்குச் சார்ஜரும் இருந்தால், 100 அம்பியர் போதாமல் போகலாம். பனலை 200 ஆக மாற்ற வேண்டி வந்தால் அதற்கே சில ஆயிரம் டொலர் வேண்டும். அதனால் காசைக் கட்டுவதற்கு முன்னம் எலக்ரீசியனைக் கூப்பிட்டுக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்ராறியோவில் கூலிக்கு மின்சார வேலை செய்கிறவர் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். வேலையை மின்சாரப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். முடிந்ததும் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். தெரிந்த அண்ணை ஒருவர் குறைந்த காசுக்குச் செய்து தருவார் என்று யாரும் சொன்னால், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மரப் பெட்டிக்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சூடேற்றும் விஷயம் இது. இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

எங்களுடையது பீப்பாய் வடிவம். 6 அடி விட்டம், 7 அடி நீளம், சிவப்பு சிடார், நாலு பேர் தாராளமாக இருக்கலாம். விலைப் பட்டியலில் இருந்தது 6,800 டொலர், ஹீற்றரும் அதில் அடுக்கும் கல்லும் சேர்த்து. அதற்கு 13 வீத வரி 884. வீட்டு வாசலில் இறக்க 350. அடியில் போடும் சல்லிக்கல்லும் அதை இறுக்கும் வாடகை மெஷினும் 420. மின்சார வேலை 2,100. மேலே அடிக்கும் கூரைத் தகடு 250. எல்லாமாக 10,800 டொலரைத் தொட்டது. கிட் விலையோடு இன்னும் நாலாயிரத்தை ஒதுக்கி வைத்தால்தான் இடையில் நித்திரை கெடாது. பனலிலிருந்து வரும் கேபிளுக்கான வாய்க்காலையும் ஆளைப் பிடித்து வெட்டினால் அதுவும் காணாது.

பெர்மிற் விஷயம் சுருக்கமானது. 10 சதுர மீற்றருக்குள், குழாய்த் தண்ணீர் இணைப்பு இல்லாமல் தனியாக நிற்கும் சின்னக் கட்டடத்துக்கு ஒன்ராறியோவில் கட்டட பெர்மிற் தேவையில்லை. இந்தப் பீப்பாய் 4 சதுர மீற்றர்கூட வராது. ஆனால் வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது சிற்றிக்குச் சிற்றி வேறு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விறகு அடுப்பு வைக்க விருப்பம் என்றால் வீட்டுக் காப்புறுதிக்காரரோடு முதலிலேயே கதைக்க வேண்டும்.

இனி மண் வேலை. மண்வெட்டியைத் தொட முன்னம், நிலத்துக்கடியில் போகும் குழாய், கம்பிகளைக் குறித்துத் தர ஒழுங்கு செய்யும் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கள். இது சட்டம், வீட்டுக்காரருக்குச் செலவும் இல்லை. ஆட்கள் வந்து நிலத்தில் நிறம் அடித்துவிட்டுப் போவார்கள்: காஸுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைபேசிக்கும் இன்ரநெற்றுக்கும் செம்மஞ்சள், தண்ணீருக்கு நீலம். கோட்டுக்கு ஒரு மீற்றருக்குள் மெஷின் விடக் கூடாது, கையால்தான் வெட்ட வேண்டும். கேபிளை நேராக மண்ணில் புதைப்பதென்றால் 24 அங்குல ஆழம். வாய்க்காலை நானே வெட்டினேன், அதில் நல்ல காசு மிச்சம். மூடுவதற்கு முன்னம் கேபிள் கிடக்கும் நிலையைப் பரிசோதகர் பார்க்க வேண்டி வரலாம் என்பதால், எலக்ரீசியன் சரி என்று சொல்லும்வரை ஒரு பிடி மண்ணும் போடாதீர்கள்.

பீப்பாய்க்கு கொன்கிறீற் தேவையில்லை. 8 அடிக்கு 9 அடி புல்லை வெட்டி எடுத்து, அடியில் துணி விரித்து, ஆறு அங்குலம் சல்லி போட்டோம். இரண்டு தொன் அளவு பிடித்தது. அதை ஒரேயடியாகக் கொட்டி இறுக்கினால் மேல்பகுதி மட்டும்தான் இறுகும். மூன்று அங்குலம் போட்டு, கொம்பாக்ரர் என்கிற இறுக்கும் மெஷினை ஓட்டி, அதற்கு மேல் மிச்சத்தைப் போட்டுத் திரும்ப ஓட்ட வேண்டும். பிறகு நீளமான நேர்பலகையின் மேல் மட்டம் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் பாருங்கள். இங்கே கால் அங்குலம் பிசகினால் கடைசியில் கதவு பூட்டாது.

கிட் ஒரு பலகைத் தட்டில் வரும், அரைத் தொன்னுக்குக் கிட்டப் பாரம். லொறிக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார், பின்வளவுக்குக் கொண்டுபோவது உங்கள் பாடு. இரண்டு வீட்டுக்கும் இடையில் மூன்றடி ஒழுங்கை மட்டும் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்குக் கிட்தான் வழி. பூட்டி முடித்த சௌனா அதற்குள்ளால் போகாது.

பூட்டுகிற வேலைக்கு இரண்டு பேர் கட்டாயம். எனக்கு மச்சான் வந்து நின்றார். முதலில் தொட்டில் போன்ற தாங்குகட்டைகளை மட்டத்தில் வைத்து, நடுப் பலகையைப் படுக்க வைத்து, அதிலிருந்து இரண்டு பக்கமும் பலகைகளை நாக்கும் பள்ளமுமாகக் கோத்துக்கொண்டு வர வேண்டும். பிறகு முன்சுவரையும் பின்சுவரையும் பலகையில் வெட்டியிருக்கும் தவாளிப்பில் இறக்கி, சரியாமல் குறுக்குச் சட்டம் அடித்து நிறுத்திவிட்டுத்தான் பக்கங்களை ஏற்றலாம். சிடார் மெத்தென்ற மரம். சுத்தியலால் நேரே அடித்தால் நாக்கு நசிந்துவிடும், அடுத்த பலகை ஏறாது. வெட்டிய துண்டுப் பலகை ஒன்றை இடையில் பிடித்து, றப்பர் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டு போனால், இடைவெளி மூடுகிற சத்தமே மாறும். கடைசிப் பலகை அனேகமாக அப்படியே இறங்காது, அளந்து சீவ வேண்டும். அதற்குப் பிறகு இரும்புப் பட்டிகள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போகாதீர்கள். ஒவ்வொன்றாக மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால்தான் பீப்பாய் வட்டமாக வரும். முழுப் பலத்தையும் கொடுக்க வேண்டாம், சூட்டிலும் ஈரத்திலும் மரம் ஊத இடம் வேண்டும்.

கூரைத் தகடு அடிப்பது சின்ன வேலை. உள்ளே வார்னிஷ், பெயின்ற் எதுவும் பூசவே கூடாது. வெளியில் மட்டும் பாதுகாப்பு எண்ணெய் பூசலாம்.

ஹீற்றரில் போடுவதற்கு முன்னம் கல்லைக் கழுவி, பெரியதை அடியிலும் சின்னதை மேலிலுமாக, காற்றுப் போக வழிவிட்டு அடுக்குங்கள். ஆற்றுக் கல்லைப் பொறுக்கிப் போடாதீர்கள், சூட்டில் வெடிக்கும். முதல்தரம் கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒருவரும் இல்லாமல் ஒரு மணித்தியாலம் எரியவிட வேண்டும். புதுக் கம்பியின் எண்ணெய் வாடை அதோடு போய்விடும்.

ஒன்றரை மணித்தியாலம் எரிந்தால் 9 யூனிற்றுக்கு மேல் போகாது. எங்கள் மின்சாரக் கட்டணத் திட்டத்தில் இரவு ஏழு மணிக்குப் பிறகும் சனி, ஞாயிறும் எரித்தால் குறைந்த கட்டணம், ஒருதரத்துக்கு ஒரு டொலரைச் சுற்றித்தான் வரும். எங்கள் ஆட்களுக்கு ஒரு விஷயம்: சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். பலகை எண்ணெயைக் குடித்தால் கறையும் போகாது, சிக்கு மணமும் போகாது. முழுகிவிட்டுப் போங்கள், இருக்கும் இடத்தில் துவாய் விரியுங்கள். யூகலிப்ரஸ் தைலம் என்றால் வாளித் தண்ணீரில் சில துளி விட்டு வாருங்கள், கல்லின் மேல் நேரே விட்டால் பற்றிக்கொள்ளும். பிறஷர், இருதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டொக்ரரைக் கேட்காமல் போக வேண்டாம்.

பனி கரைந்ததும் மட்டத்தை ஒருக்கால் வைத்துப் பாருங்கள், குளிரில் நிலம் எழும்பியிருக்கும். பட்டிகளையும் அப்போதே இறுக்கலாம். வருடத்துக்கு ஒருதரம் கல்லை எல்லாம் வெளியே எடுத்து, பொடிந்ததைக் கழித்துவிட்டுத் திரும்ப அடுக்குங்கள். பொடி அடியில் சேர்ந்தால் காற்று அடைபட்டுக் கம்பி எரிந்துவிடும்.