கிருஷ்ணகிரியில இருந்து கோடியக்கரை போறவங்களுக்கு: லீவ பாக்காதீங்க, தண்ணிய பாருங்க

நம்ம ஊர்ப்பக்கம் இருந்து நிறைய பேர் பூநாரை (ஃபிளமிங்கோ) பாக்கணும்னு மே மாச லீவுல பிள்ளைங்கள கூட்டிட்டு கோடியக்கரை கெளம்பிடறாங்க, அங்க சதுப்பு பெரும்பாலும் காஞ்சு உப்பு பூத்து கெடக்கும், வந்து ஒண்ணுமே இல்லைங்கறாங்க. அந்த எடத்த குறை சொல்லக்கூடாதுங்க, மாசம்தான் தப்பு. வடகிழக்கு மழை பெஞ்சு தண்ணி நின்னாதான் பூநாரை, உள்ளான் மாதிரி சேத்துப் பறவைங்கள்லாம் கூட்டமா வரும், அதனால நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க, புயல் எச்சரிக்கை இருந்தா மட்டும் தள்ளி வெச்சுக்கோங்க, 2018 நவம்பர்ல கஜா புயல் கரைய கடந்தது அந்தப் பக்கம்தான். வெயில் காலத்துலதான் போக முடியும்னா வெளிமான் பாருங்க, 1967-ல கோடியக்கரைய சரணாலயம் ஆக்கினதுக்கே வெளிமான்தான் காரணம்.

சேலம், திருச்சி, தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம்னு போகணும். ராத்திரியே கெளம்பிடுங்க, வெயில் ஏறிட்டா கானல்ல பறவை ஆடுற மாதிரி தெரியும். 8x42 (எட்டு மடங்கு பெருசா காட்டுற) பைனாகுலர் ஒண்ணு போதும், ஆனா அத மொத தடவையா அங்க போய் எடுக்காதீங்க. நம்ம ஊர் கே.ஆர்.பி. டேம்லயோ பாரூர் ஏரியிலயோ ரெண்டு காலை உக்காந்து நீர்க்காகம், சாம்பல் நாரைய ஃபோகஸ் பண்ணி பழகிட்டுப் போங்க.

பூநாரை மேயறத அவசரப்படாம பாருங்க. கால மாத்தி மாத்தி மிதிச்சு சேத்த கலக்கும், தலைய கவுத்து அலகு தலைகீழா தண்ணிக்குள்ள போகும், அப்படியே வடிகட்டி தின்னும். கிட்ட போக போக கழுத்தெல்லாம் ஒண்ணா நிமிரும் பாருங்க, அங்கயே நின்னுடணும், இன்னும் ரெண்டடி வெச்சா மொத்த கூட்டமும் எழும்பிடும், அதுங்க தின்ன நேரம் வீணாப் போயிடும். ஃபோட்டோவுக்காக கைதட்டி பறக்க விடறது ரொம்ப பாவங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க. சேத்துலயும் எறங்காதீங்க.

அங்க கண்டிப்பா கவனிக்க வேண்டியது சீமைக்கருவேலம். வெளிமானுக்கு தெறந்த புல்வெளி வேணும், இந்த முள்ளு அத மூடிக்கிட்டே வருது. காட்டுல திரியற மட்டக்குதிரை சாணிய நான் குச்சியால கெளறிப் பாத்தேன், உள்ள சீமைக்கருவேல விதை முழுசு முழுசா இருந்துச்சு, ஒண்ணு வெள்ளையா முளையே விட்டிருந்துச்சு. குதிரை நெத்த தின்னுட்டு புல்வெளி பூரா விதைச்சுட்டே போகுது. மேல வெட்டினா அடிக்கட்டையில இருந்து பத்து கெளை வரும், அதனால வெயில் காலத்துல வேரோட பேத்தெடுக்கணும், மழைக்கப்புறம் மறுபடி வந்து முளைச்ச கன்னையெல்லாம் புடுங்கணும். ரெண்டாவது வேலைய விட்டுட்டா மொத வேலைக்கு செலவழிச்சதெல்லாம் போச்சு. சரணாலயத்துக்குள்ள அது வனத்துறை வேலை, நாம கை வைக்கக்கூடாது.

ஆனா நம்ம ஏரியில செய்யலாமே. பஞ்சாயத்துல சொல்லி அனுமதி வாங்கிட்டு, ஐப்பசி மழை விட்ட மறுநாள் போங்க, மண்ணு ஈரமா இருக்கறப்ப சாண் உயரக் கன்னு ஆணிவேரோட கைக்கு வந்துடும், அதே கன்னு தை மாசத்துல கடப்பாரை கேக்கும். தோல் கையுறை போட்டுக்கோங்க, முள்ளு செருப்பையே துளைக்கும். கொக்கு கூடு கட்டியிருக்கற சீமைக்கருவேலத்த மட்டும் குஞ்சு பறந்து போற வரைக்கும் விட்டு வைங்க, அது வரைக்கும் அந்தப் பக்கம் சத்தமும் வேண்டாம்.