ஆன்லைன் ஏலத்தில் பழைய சவரன் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு நாணயக் கண்காட்சியில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட லண்டன் சவரன், 1917-இல் அடித்த பிரிட்டிஷ் தங்கக் காசு. வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் எடுத்ததாகச் சொன்னார்.

“நகைக்கடை மெஷின்ல வெச்சுப் பார்த்துட்டேண்ணே. 91.6 காட்டுது. ஒரிஜினல்தான்.”

முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வருஷத்துக் காசை, இதே சோதனையை நம்பி நானும் வாங்கியிருந்தேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏல விவரத்தில் ‘ரெப்ளிகா’, ‘பிளேட்டட்’, ‘லேயர்டு’ என்று இருந்தால் வாங்காதீர்கள் என்றெல்லாம் விளக்கப் போவதில்லை. நிதானமாகப் படித்தாலே அது தெரிந்துவிடும். படித்த பிறகும் ஏமாறுகிற இடங்களைப் பார்ப்போம்.

தங்கம் அசல் என்றால் காசும் அசல் என்று முடிவுகட்டுவது

இந்த ஒரு தவறுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நம் ஊரில் தங்கத்தைப் பார்க்கிற பழக்கமே மாற்றையும் எடையையும் வைத்துத்தான். பத்தர் உரைகல்லில் உரைத்து “22 கேரட்” என்று சொல்லிவிட்டால் மனசு அடங்கிவிடும். நகைக்கு அது போதும். பழைய காசுக்கு நாம் கொடுக்கிற விலையில் தங்கத்தின் பங்கு ஒரு பகுதிதான். மிச்சப் பணம் அந்த வருஷத்துக்கும், அது அடிக்கப்பட்ட நாணயச்சாலைக்கும் போகிறது. அந்த மிச்சப் பணத்தைக் குறிவைத்துத்தான் போலி அடிக்கிறார்கள். அதனால் அவர்கள் தங்கத்தில் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இது புதுக்கதையும் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சவரனுக்கு உலகம் முழுக்கக் கிராக்கி இருந்தது. பிரிட்டனில் மக்கள் கைக்குப் புதுக்காசு வரவில்லை. காசின் விலை அதிலுள்ள தங்கத்தின் விலையைத் தாண்டி எங்கேயோ போனது. இத்தாலியிலும் லெபனானிலும் பட்டறை போட்டு, நல்ல தங்கத்திலேயே சவரன் அடித்துத் தள்ளினார்கள். இந்தப் போலிகளை அடக்குவதும் ஒரு நோக்கமாகத்தான் பிரிட்டிஷ் நாணயச்சாலை 1957-இல் மறுபடி சவரன் அடிக்கத் தொடங்கியது. அன்றைக்கு அடித்த போலிகள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கேரட் மெஷினில் வைத்தால் அவை தைரியமாகத் தேறிவிடும்.

சரி, 1917-இல் என்ன விசேஷம்? அந்த வருஷம் லண்டனில் பத்து லட்சத்துக்கு மேல் அடித்ததாகக் கணக்கு இருக்கிறது. அதில் பெரும்பகுதி முதல் உலகப் போர்ச் செலவுக்காக அமெரிக்கா போய் உருக்கப்பட்டுவிட்டதாகச் சொல்வார்கள். மிஞ்சியவை சொற்பம், அதனால் விலை அதிகம். லெபனானின் பெய்ரூட் பட்டறைக்காரர்களுக்கு மிகவும் பிடித்த வருஷங்களில் இதுவும் ஒன்று.

நான் அதிலுள்ள தங்கத்தின் விலையைப் போல நாலு மடங்கு கொடுத்தேன். பார்சல் வந்த அன்றே தெரிந்த நகைக்கடைக்கு ஓடினேன். மெஷின் 91.6 காட்டியது, தராசு 7.98 காட்டியது. பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். ஏழு மாதம் கழித்து, நாற்பது வருஷமாகக் காசு பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். லென்ஸைக் கண்ணில் வைத்தவர் ஒன்றும் பேசவில்லை. காசைத் திருப்பித் தந்துவிட்டு, “உங்ககிட்ட சாதா ஜார்ஜ் காசு ஒண்ணு இருக்குமே, அதைப் பக்கத்துல வெச்சு நீங்களே பாருங்க தம்பி” என்றார்.

வைத்துப் பார்த்தேன். அசல் காசில் ஓரத்தைச் சுற்றியுள்ள பற்கள் நறுக்கென்று, ஒரே சீராக இருந்தன. என்னுடையதில் சில இடங்களில் பாகு உருகி ஓடியதுபோல ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. காசின் பின்பக்கம், வருஷத்துக்குப் பக்கத்தில், அங்கேயுள்ள குதிரை வீரரை வடித்த சிற்பி பிஸ்ட்ருச்சியின் பெயருக்கு அடையாளமாக ‘பி.பி.’ (B.P.) என்று மிகச் சின்ன எழுத்து இருக்கும். அது என் காசில் இரண்டு புள்ளிகளாக மழுங்கியிருந்தது. அரசரின் மூக்குக்கு எதிரே வெறும் இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பரு.

அந்தப் பருவைத்தான் கவனிக்க வேண்டும். காசு புழங்கும்போது விழுகிற காயம் பள்ளமாக இருக்கும். மேடாக இருந்தால் அது பெரும்பாலும் அச்சில் இருந்த குழியிலிருந்து வந்தது. அப்படியென்றால் அதே அச்சில் அடித்த மற்ற காசுகளிலும் அதே இடத்தில் அதே பரு இருக்கும். அசல் காசைப் படியெடுத்துப் போலி அச்சு செய்கிறபோது, அந்த அசலில் இருந்த காயமும் அச்சுக்குப் போய்விடும். அப்புறம் அடிக்கிற ஒவ்வொரு காசிலும் அந்தக் காயம் வரும். ஆகவே ஏலம் கேட்பதற்கு முன்னால் அதே வருஷக் காசுகளின் பழைய ஏலப் படங்களைப் பத்து இருபதாவது தேடிப் பாருங்கள். இரண்டு வெவ்வேறு காசில், ஒரே இடத்தில், ஒரே மாதிரிக் காயம் தெரிந்தால் இரண்டையும் விட்டு ஒதுங்கிவிடுங்கள்.

இன்னொன்று, காசு எங்கே எப்போது அடிக்கப்பட்டது என்கிற கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். 1917-க்குப் பிறகு, 1925-இல் மறுபடி அடிக்கும் வரை, லண்டனில் சவரன் அடிக்கவே இல்லை. 1918 என்று போட்ட அசல் சவரன் எல்லாம் பம்பாய், ஒட்டாவா, சிட்னி, மெல்போர்ன், பெர்த் ஆகிய ஊர்க் காசுகள். குதிரை நிற்கும் தரையில், வருஷத்துக்கு நேர் மேலே, அந்தந்த ஊருக்கான எழுத்து இருந்தே ஆக வேண்டும். பம்பாய்க்கு ஆங்கில ‘ஐ’ (I). பம்பாயில் அந்த ஒரு வருஷக் காசு மட்டும்தான் வந்தது. எழுத்தே இல்லாத 1918 காசு என்றால், தங்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் போலிதான். இதற்குத் தராசும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். ஏலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும்.

எடையோடு நின்றுவிடுவது

நகைக்கடை சவரன் 8 கிராம். காசுச் சவரன் 7.988 கிராம். தேய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். அந்தக் காலத்தில் 7.938 கிராமுக்குக் கீழே போனால் செல்லாது என்று எல்லை வைத்திருந்தார்கள். அதனால் தராசில் 7.96 காட்டினால் பதற வேண்டாம்.

எடையைச் சரியாகக் கொண்டுவருவது போலிக்காரருக்குச் சுலபம். மட்டமான உலோகத்தில் அதே எடையைக் கொண்டுவர காசைத் தடியாகவோ அகலமாகவோ செய்தாக வேண்டும். அதனால் எடையோடு அளவையும் சேர்த்துப் பாருங்கள். விட்டம் 22.05 மில்லிமீட்டர், தடிமன் 1.52. காலிப்பரின் வாயில் பேப்பர் வைத்து அளந்தால் கீறல் விழாது.

வீட்டில் தண்ணீர்ச் சோதனையும் செய்யலாம். தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க முங்கவிடுங்கள். நல்ல சவரன் என்றால் 0.45 கிராம் பக்கம் காட்டும். பித்தளை என்றால் 0.9-ஐத் தாண்டும். காசில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். தராசு 0.01 கிராம் வரை காட்டுவதாக இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் இதைச் செய்து யாரும் முடிவுக்கு வராதீர்கள். இந்தச் சோதனையும் உலோகத்தைத்தான் சொல்லும். நல்ல தங்கத்தில் அடித்த போலி இதிலும் தேறிவிடும்.

காந்தம்

இரும்பு இல்லை என்று சொல்லும். அவ்வளவுதான்.

உரைகல்லில் தேய்க்கக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். விளிம்பு போனால் காசின் மதிப்பும் போய்விடும்.

சீல் வைத்த கூண்டைப் பார்த்து மயங்குவது

தரச்சான்று நிறுவனங்கள் காசைப் பிளாஸ்டிக் கூண்டில் அடைத்து, எண் போட்டுத் தருகின்றன. கூண்டையே போலியாகச் செய்து, உண்மையான எண்ணை அதில் அச்சடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணைத் தளத்தில் தட்டினால் பதிவு வரத்தான் செய்யும். அங்கே படம் இருந்தால், ஒவ்வொரு கீறலாக ஏலப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

ஒரே படத்தை நம்பி ஏலம் கேட்பது

தலை, குதிரை, விளிம்பு என்று மூன்று பக்கமும் தெளிவாகக் கேளுங்கள். தராசில் காசு இருக்கிற படமும் வேண்டும். ‘7.98 கிராம்’ என்று எழுதுவதற்குக் காசு கையில் இருக்க வேண்டியதில்லை.

விளிம்புப் படத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் காசுமாலையிலும் பதக்கத்திலும் கிடந்த சவரன்கள் ஏராளம். வளையம் பற்றவைத்து, பிறகு அறுத்து, அரத்தால் இழைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட காசு அசலாகவே இருந்தாலும் சேகரிப்பாளர் விலை கொடுக்கக் கூடாது. தலையின் உச்சிக்கு நேராக விளிம்பு வரிகள் மழுங்கி, அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தால் கேள்வி கேளுங்கள்.

கழுவுவது

வேண்டாம். பூந்திக்கொட்டைத் தண்ணீரும் வேண்டாம்.

திருப்பி அனுப்பும் கெடுவைக் கோட்டைவிடுவது

எனக்கு உண்மை தெரிந்தபோது கெடு முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. விற்றவர் பதிலே போடவில்லை.

தம்பியின் காசை அன்றைக்கு அங்கேயே லென்ஸில் பார்த்தேன். பற்கள் ஒட்டியிருந்தன. ‘பி.பி.’ மழுங்கியிருந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் சாதா 1912 சவரன் ஒன்றை வாங்கி அருகில் வைத்து, தம்பி கையிலேயே லென்ஸைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னண்ணே செய்யறது இப்ப?” என்றார். அவருக்குக் கெடு முடிய இன்னும் ஐந்து நாள் பாக்கி இருந்தது. இரண்டு காசையும் ஒன்றாக வைத்து, ஓரத்துப் பற்கள் தெரிகிறமாதிரி எட்டுப் படம் எடுத்தோம். சாப்பிடக்கூடப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து, காசைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதி அனுப்பிவிட்டுத்தான் எழுந்தோம்.